திரையில் பேய் புகுந்த கதை – 7: வரவேற்பறைக்கு வந்த காட்டேரி

1897 மே 18, செவ்வாய்க்கிழமை. லண்டன் லைசியம் அரங்கில் காலை வேளையில் ஒரு நாடகம் நடந்தது. நடித்தார்கள் என்று சொல்வதற்கில்லை. கையில் தாளை வைத்துக்கொண்டு வாசித்தார்கள். மணிக்கணக்கில் வாசித்தார்கள். பார்க்க வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். நாடகத்தின் பெயர் 'டிராகுலா'. எழுதியவர் அந்த அரங்கின் நிர்வாகி பிராம் ஸ்டோக்கர். அதே பெயருள்ள அவருடைய நாவல் கடைக்கு வர இன்னும் எட்டு நாள் இருந்தது.

இந்த அவசரம் கலைக்காக அல்ல, சட்டத்துக்காக. ஒருவர் எழுதிய நாவலை இன்னொருவர் நாடகமாக்கி மேடையேற்றுவதை அன்றைய இங்கிலாந்தில் நாவலின் காப்புரிமை மட்டும் தடுத்துவிடாது. ஆசிரியர் முந்திக்கொண்டு ஒரு தடவையாவது தம் கதையை மேடையில் ஏற்றிவிட வேண்டும். ஸ்டோக்கர் கணக்குவழக்குத் தெரிந்த மனிதர். ஹென்றி இர்விங் என்ற பெரும் நடிகரிடம் 27 ஆண்டுகள் நிர்வாகியாக இருந்து டிக்கெட் வசூல் முதல் வெளியூர்ப் பயணம் வரை பார்த்துக்கொண்டவர். அன்று இர்விங் அரங்குக்குள் எட்டிப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போனதாக ஒரு கதை உண்டு.

ரத்தக்காட்டேரிப் படங்களின் வரலாற்றை நான் அந்தக் காலை வாசிப்பிலிருந்து தொடங்குவேன். இந்தப் பேயை வளர்த்ததில் பழங்கதைகளுக்கு உள்ள பங்கைவிடப் பத்திரங்களுக்கும் பணமுடைக்கும் உள்ள பங்கு பெரிது. டிராகுலா என்றதும் இன்று எல்லோருக்கும் நினைவுக்கு வருவது கழுத்துக்குப் பின்னே உயர்ந்து நிற்கும் காலர், மாலை விருந்துக்குப் போகும் கனவானின் உடை, வெயில் பட்டதும் சாவு. இவற்றில் ஒன்றுகூட ஸ்டோக்கரின் நாவலில் கிடையாது.

நாவலில் வரும் பிரபு ஒரு கிழவர். உயரமானவர், நீண்ட வெள்ளை மீசை, உள்ளங்கையில் ரோமம், வாயில் துர்நாற்றம். ரத்தம் குடிக்கக் குடிக்க இளமை திரும்புகிறது. பகலிலும் லண்டன் தெருவில் நடமாடுகிறார். பகலில் அவருடைய சக்தி குறையுமே தவிர, வெயில் அவரை ஒன்றும் செய்யாது. கடைசியில் அவரைக் கொல்வதும் மரமுளை அல்ல. ஒரு கூர்க்காக் கத்தியும் ஓர் அமெரிக்கனின் வேட்டைக் கத்தியும். பல்லை மட்டும் ஸ்டோக்கர் சரியாகக் கொடுத்திருந்தார். இர்விங்கோடு பழகிய காலத்தில் அவர் ரிச்சர்ட் பர்ட்டன் என்ற பயணியைச் சந்தித்தார். பேசும்போது பர்ட்டனின் கோரைப்பல் மின்னியதை மறக்காமல் பின்னாளில் எழுதியும் வைத்தார். இந்தப் பர்ட்டன் வேறு யாருமல்ல, நம் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளை 1870இல் ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டவர்தான். இதை வைத்து டிராகுலாவின் பல் நம் வேதாளத்திடமிருந்து வந்தது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம்.

ஸ்டோக்கர் 1912இல் இறந்தார். நாவல் அச்சில் இருந்தது, ஆனால் பெரிய செல்வம் எதையும் சேர்த்து வைக்கவில்லை. மனைவி ஃபிளாரன்ஸ் ஒரு காலத்தில் ஆஸ்கர் வைல்டு காதலித்த பெண். டப்ளினின் அழகிகளில் ஒருத்தி எனப் பெயர் பெற்றவர். விதவையான பின் அவருக்கு எஞ்சிய சொத்தில் உருப்படியானது இந்த ஒரு நாவல். இந்த அத்தியாயத்தின் கதாநாயகி அவர்தான். வில்லி என்று சொல்பவர்களும் உண்டு.

சென்ற அத்தியாயத்தில் பார்த்த 'டாக்டர் காலிகரி' கோணல்மாணல் தட்டிகளில் ஓவியம் தீட்டி ஸ்டூடியோவுக்குள்ளேயே எடுக்கப்பட்ட படம். அதற்கு இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1922இல் வெளியான 'நோஸ்ஃபெராட்டு'வை எடுத்தபோது எஃப். டபிள்யூ. முர்னாவ் பேயை வெளியே அழைத்து வந்தார். பால்டிக் கடலோரத்து விஸ்மார், லூபெக்கின் பழைய உப்புக் கிடங்குகள், இன்றைய ஸ்லோவாக்கியாவில் இருக்கும் ஒராவா கோட்டை என்று எல்லாம் நிஜ இடங்கள், நிஜ வெளிச்சம். போலி உலகத்தில் வரும் பேய்க்குப் பயப்படுவதைவிட, நாம் நடக்கும் தெருவில் வரும் பேய்க்குப் பயப்படுவது எளிது. முர்னாவின் பெரிய கண்டுபிடிப்பாக நான் எண்ணுவது இதைத்தான்.

படத்தை எடுத்த பிரானா-ஃபிலிம் கம்பெனி புதியது. அதன் உயிர்நாடி அல்பின் கிராவ் என்ற ஓவியர். அமானுஷ்ய வித்தைகளில் மூழ்கியவர். முதல் உலகப் போரில் சிப்பாயாக இருந்தவர். செர்பியாவில் ஒரு குடியானவர், தன் தகப்பனாரே செத்த பின் காட்டேரியாக எழுந்த கதையைச் சொன்னதாகவும் படத்துக்கு அதுவே வித்து என்றும் விளம்பரத்துக்காக எழுதினார். வித்து எதுவாயினும் விளைச்சல் ஸ்டோக்கருடையது. ஹென்ரிக் கேலீன் எழுதிய திரைக்கதை நாவலை எடுத்து, பெயர்களை மட்டும் மாற்றியது. டிராகுலா பிரபு ஓர்லாக் பிரபு ஆனார். லண்டன் விஸ்போர்க் என்ற ஜெர்மன் ஊரானது. காலம் 1838க்குப் பின்னோக்கிப் போனது. யாரிடமும் உரிமை வாங்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், ஸ்டோக்கரின் நாவலைத் தழுவியது என்று அவர்களே விளம்பரத்திலும் போட்டுக்கொண்டார்கள்.

மாக்ஸ் ஷ்ரெக் நடித்த ஓர்லாக்கைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். மொட்டைத் தலை, கூர்ந்த காது, எலியைப் போல முன்னால் நீட்டிய இரண்டு பற்கள், நாளாக நாளாக நீண்டுகொண்டே போகும் விரல் நகங்கள். ஒளிப்பதிவாளர் ஃபிரிட்ஸ் ஆர்னோ வாக்னரிடம் இருந்தது ஒரே ஒரு காமிரா. அதை வைத்துக்கொண்டு ஒரு குதிரை வண்டியை வேகம் கூட்டி ஓடவிட்டார். காட்டு வழியை நெகட்டிவாகவே காட்டி, வெள்ளை மரங்களுக்கு நடுவே கறுத்த வானத்தை வரவழைத்தார். பேயைவிடப் பேயின் நிழல் அதிக வேலை செய்கிறது. மாடிப்படியில் ஏறுவது நிழல். கதவைத் தொடுவது நிழல். நாயகி எல்லனின் நெஞ்சைப் பற்றுவதும் நிழல்தான்.

ஓர்லாக் வரும் கப்பலில் எலிகளும் வருகின்றன. ஊரில் கொள்ளைநோய் பரவுகிறது. தெருவில் வரிசையாகச் சவப்பெட்டிகள் போகின்றன. போரில் லட்சக்கணக்கான பிள்ளைகளைப் பறிகொடுத்து, அடுத்து வந்த விஷக்காய்ச்சலிலும் செத்து மீண்ட ஊர்களில் இந்தப் படம் ஓடியது. முர்னாவும் போர் விமானியாக இருந்தவர். அங்கே காட்டேரி என்பது ஒரு மனிதனல்ல, ஒரு வாதை. இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வளைந்த மூக்கோடு கிழக்கிலிருந்து எலிகளுடன் வந்து ஊரில் வீடு வாங்கும் ஓர்லாக், யூதர்களைப் பற்றி அன்றைய ஜெர்மனியில் உலவிய வெறுப்புச் சித்திரங்களை நினைவூட்டுகிறார். திரைக்கதை எழுதிய கேலீனும், வீட்டுத் தரகர் வேடத்தில் நடித்த அலெக்சாண்டர் கிரானாக்கும் யூதர்கள். எடுத்தவர்களின் நெஞ்சில் துவேஷம் இருந்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. பார்த்தவர்களின் கண்ணில் அது இருந்திருக்கும்.

வெயிலால் சாவு என்பதைச் சினிமாவுக்குத் தந்தது இந்தப் படம். எல்லன் தன்னையே பலியாகக் கொடுத்து, சேவல் கூவும் வரை ஓர்லாக்கை அருகில் நிறுத்திவைக்கிறாள். விடியல் வெளிச்சம் சன்னலில் விழுகிறது. பேய் புகையாகக் கரைகிறது. மேடையில் இதைச் செய்ய முடியாது, எழுத்தில் செய்தால் சப்பென்று இருக்கும். ஒரு பிம்பத்தின் மேல் இன்னொன்றைப் படியவைக்கும் காமிரா வித்தைக்காகவே பிறந்த சாவு அது.

1922 மார்ச் 4 அன்று பெர்லின் விலங்குப் பூங்காவின் பளிங்கு மண்டபத்தில் வெளியீட்டு விழா. விருந்தினர்கள் நூறு வருடத்துக்கு முந்திய உடையில் வர வேண்டும் என்று அழைப்பு. படத்துக்கு ஆனதைவிட விளம்பரத்துக்குச் செலவு அதிகம் என்று சொல்வதுண்டு. சில மாதங்களிலேயே கம்பெனி திவால்.

அதற்குள் பெர்லின் விளம்பரத்தாள் ஒன்று லண்டனில் ஃபிளாரன்ஸ் கைக்கு வந்துவிட்டது. அவர் பிரிட்டிஷ் எழுத்தாளர் சங்கத்தில் சேர்ந்து, தம் வழக்கை அந்தச் சங்கத்தின் தலையில் ஏற்றினார். சங்கம் திணறியது, அம்மையார் விடவில்லை. திவாலான கம்பெனியிடம் பணம் பெயராது என்று தெரிந்ததும் கோரிக்கையை மாற்றினார். படத்தை அழிக்க வேண்டும். 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் நெகட்டிவையும் பிரதிகளையும் அழிக்க உத்தரவிட்டது. ஆனால் வெளிநாடுகளுக்குப் போய்விட்ட பிரதிகளை யார் தேடிப் பிடிப்பது? அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பியவற்றிலிருந்துதான் இன்று நாம் பார்க்கும் படம் ஒட்டுப்போட்டு எடுக்கப்பட்டது.

சினிமா அன்பர்கள் ஃபிளாரன்ஸைத் திட்டுவது வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. கணவன் விட்டுப்போன ஒரே நாவலை ஒரு கம்பெனி கேளாமல் எடுத்துக்கொண்டது. அவர் நீதிமன்றம் போனார். கொளுத்தச் சொன்னது கொடுமைதான். ஆனால் அந்த வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே அவர் செய்த இன்னொரு காரியத்தால்தான் காட்டேரி உலகம் முழுவதும் போனது. ஒரு நாடகக்காரருக்கு உரிமம் கொடுத்தார்.

ஹாமில்டன் டீன் அயர்லாந்துக்காரர்; ஊர் ஊராகப் போய் நாடகம் போடும் கம்பெனியின் முதலாளியும் நடிகரும் அவரே. டிராகுலாவை நாடகமாக்க எழுத்தாளர் யாரும் சிக்காததால் தாமே எழுதிவிட்டார். 1924இல் டெர்பி நகரில் அரங்கேறியது. ஊர் சுற்றும் நாடகக் கம்பெனியால் கோட்டையையும் கப்பலையும் ஓநாய்களையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போக முடியுமா? டீன் டிரான்சில்வேனியாவை அப்படியே வெட்டி எறிந்தார். கதை முழுவதும் இங்கிலாந்தில் ஒரு வீட்டு வரவேற்பறையைச் சுற்றியே நடந்தது.

இங்கேதான் எல்லாம் மாறியது. வரவேற்பறையில் நடக்க வேண்டிய கதையில் பேய் எப்படி உள்ளே வரும்? உள்ளங்கையில் ரோமமும் வாயில் நாற்றமும் உள்ள கிழவரை எந்த ஆங்கிலேயக் குடும்பம் சோபாவில் உட்காரவைக்கும்? ஆகவே டிராகுலா அண்டை வீட்டுக்குக் குடிவந்த அயல்நாட்டுப் பிரபு ஆனார். மாலை விருந்து உடை, பணிவான பேச்சு, பெண்களுக்குக் குனிந்து வணக்கம். வீட்டார் ஒருமுறை அழைத்தால்தான் காட்டேரி உள்ளே நுழைய முடியும் என்று நாவலில் ஒரு விதி வருகிறது. ஸ்டோக்கர் அதை ஓரிடத்தில் சொல்லிவிட்டுக் கடந்துபோனார். டீனுடைய பணமுடை அதைக் கதையின் ஆதாரமாகவே ஆக்கிவிட்டது. பயமுறுத்த வந்தவனை நாமே கதவைத் திறந்து உட்காரச் சொல்கிறோம். நூறு ஆண்டாக இந்தப் பேய் அலுக்காமல் இருப்பதற்கு என்னிடம் உள்ள விடை இதுதான். ஓநாய் மனிதனைக் கண்டால் ஓடுவோம். மம்மி வந்தால் கதவை அடைப்போம். இவனோடு மட்டும் பேச உட்கார்ந்துவிடுகிறோம்.

காலரின் கதையும் இதே மாதிரிதான். நாடகத்தில் பிரபு சட்டென்று மறைந்துபோக வேண்டும். நடிகர் சபைக்கு முதுகைக் காட்டி நிற்பார். உயர்ந்த காலர் தலையை மறைத்துவிடும். மற்ற பாத்திரங்கள் மேலங்கியைப் பற்றிக்கொண்டிருக்கும்போதே அவர் மேடைத் தரையில் வெட்டிய கதவு வழியாகக் கீழே நழுவிவிடுவார். பிடித்தவர் கையில் வெறும் துணி. ஒரு மேடைத் தந்திரத்துக்காகத் தைத்த காலர், இன்றைக்கும் மாறுவேடக் கடைகளில் தொங்கிக்கொண்டிருக்கிறது.

1927 பிப்ரவரியில் நாடகம் லண்டனுக்கு வந்தது. விமர்சகர்கள் கேலி செய்தார்கள், கூட்டம் நெரிந்தது. மயங்கி விழுபவர்களைக் கவனிக்க அரங்கில் ஒரு நர்ஸை நிறுத்தினார் டீன். விளம்பர உத்திதான், ஆனால் நல்ல உத்தி. லண்டனில் டிராகுலாவாக நடித்த ரேமண்ட் ஹண்ட்லிக்கு அப்போது வயது 22. அதே ஆண்டு அமெரிக்காவுக்கு அழைத்தார்கள். சம்பளம் கட்டுப்படியாகாது என்று மறுத்துவிட்டார். அந்த மறுப்பினால் நியூயார்க் பிராட்வே மேடையில் இடம் கிடைத்தவர் பேலா லுகோசி.

லுகோசி பிறந்தது 1882இல், அன்றைய ஆஸ்திரிய-ஹங்கேரியின் லுகோஷ் நகரில். இன்று அது ருமேனியாவில் இருக்கிறது; டிரான்சில்வேனியாவுக்கு மேற்கே, எட்டும் தூரத்தில். ஊர்ப்பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டவர். போரில் போராடினார். ஹங்கேரியில் 1919 புரட்சியின்போது நடிகர் சங்கம் கட்டினார். புரட்சி வீழ்ந்ததும் நாட்டைவிட்டு ஓடினார். அமெரிக்காவில் இறங்கியபோது ஆங்கிலம் தெரியாது. மேடையில் அவர் ஒவ்வொரு சொல்லையும் எடை போட்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கேட்டவர்களுக்கு அது, பல நூறு வருடமாகப் பேசாமல் இருந்த ஒருவன் பேசுவது போல இருந்தது. அகதியின் உச்சரிப்பு பேயின் உச்சரிப்பாகிவிட்டது. பிராட்வேயில் 261 காட்சிகள் நடந்தன.

ஹாலிவுட்டின் யூனிவர்சல் ஸ்டூடியோ 1930இல் 40,000 டாலர் கொடுத்து உரிமைகளை வாங்கியது. முதலாளி கார்ல் லாம்லிக்குப் பேய்க்கதை பிடிக்காது. தயாரிப்புப் பொறுப்பில் இருந்த இளவயது மகன்தான் பிடிவாதமாக நின்றான். ஃபிளாரன்ஸிடம் விலையைக் குறைக்கச் சொல்லி ஸ்டூடியோ சார்பில் கடிதம் எழுதியவர்களில் லுகோசியும் ஒருவர். அந்தச் சேவைக்குப் பிறகும் வேடத்தை அவருக்கு லேசில் தரவில்லை. கடைசியில் வாரம் 500 டாலர், மொத்தம் ஏழு வாரம் என்று ஒப்பந்தம் போட்டார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. அமெரிக்காவில் அந்த நாவலுக்குக் காப்புரிமையே முறைப்படி நிலைக்கவில்லை என்பது பின்னாளில் தெரியவந்தது.

டாட் பிரவுனிங் இயக்கிய 'டிராகுலா' 1931 பிப்ரவரி 12 அன்று நியூயார்க்கில் வெளியானது. ஒளிப்பதிவு கார்ல் ஃபிராய்ண்ட்; பெர்லினில் முர்னாவோடு வேலை செய்தவர். படத்தின் முதல் இருபது நிமிடம் அபாரம். இடிந்த கோட்டை, பெரிய படிக்கட்டு, ஆள் உயரச் சிலந்திவலை. வலை கலையாமலே அதைக் கடந்து போகும் பிரபு. லுகோசியின் கண்களில் மட்டும் விழும்படி இரண்டு சிறு விளக்குகளை ஃபிராய்ண்ட் வைத்தார். நிலவறையில் ஆர்மடில்லோக்கள் ஊர்கின்றன. தென் அமெரிக்க விலங்குக்கு டிரான்சில்வேனியாவில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். விசித்திரமாக இருந்தால் போதும் என்று நினைத்திருப்பார்கள். பேசும்படம் வந்த புதிது. தொடக்கத்தில் கொஞ்சம் 'அன்ன ஏரி' இசை வருகிறது, அதன் பிறகு பெரும்பாலும் நிசப்தம். அந்த நிசப்தத்தில் லுகோசியின் குரல் தனியே நிற்கிறது.

லண்டன் வந்ததும் படம் படுத்துவிடுகிறது. காரணம், அது டீனின் வரவேற்பறைக்குள் திரும்பிவிடுகிறது. கதாபாத்திரங்கள் சன்னல் வழியே பார்த்து, வெளியே ஓநாய் ஓடுவதாக நமக்குச் சொல்கிறார்கள், நாம் பார்ப்பதில்லை. பல்லும் தெரியாது, கடித்த தழும்பும் தெரியாது, மரமுளை இறங்குவது சத்தமாக மட்டும் கேட்கும். ஆனாலும் படம் ஓடியது. பொருளாதார மந்தத்தில் தத்தளித்த யூனிவர்சலைத் தூக்கி நிறுத்திய படங்களில் ஒன்றானது. ஸ்டூடியோ அதைக் காதலர் தினத்தை ஒட்டி, ஒரு விபரீதக் காதல் கதை என்றுதான் விளம்பரப்படுத்தியது. பெண்களிடமிருந்து கடிதங்கள் குவிந்ததாக லுகோசி பேட்டிகளில் சொல்லிவந்தார். ஓர்லாக்குக்கு யாராவது காதல் கடிதம் எழுதியிருப்பார்களா?

பகலில் பிரவுனிங் குழு வீட்டுக்குப் போனதும், அதே தட்டிகளுக்கு நடுவே இரவில் இன்னொரு குழு வேலை செய்தது. டப்பிங் வராத காலம். ஸ்பானிய மொழிச் சந்தைக்காக அதே கதையை வேறு நடிகர்களை வைத்து முழுதாக எடுத்தார்கள். இயக்கம் ஜார்ஜ் மெல்ஃபோர்டு. டிராகுலாவாகக் கார்லோஸ் வில்லாரியாஸ். நாயகி மெக்சிகோவின் லுப்பிட்டா டோவார். இரவுக் குழுவின் காமிரா நகர்கிறது, ஏறுகிறது. பெண்களின் உடையிலும் பார்வையிலும் கட்டுப்பாடு குறைவு. கருவியைக் கையாண்ட விதத்தில் ஸ்பானியப் படமே மேல். ஆனால் வில்லாரியாஸ் கண்ணை உருட்டும்போது சிரிப்பு வந்துவிடுகிறது. லுகோசி இல்லாமல் டிராகுலா இல்லை என்பதை நிரூபிக்கவே அந்தப் படத்தை எடுத்தார்களோ என்று தோன்றும்.

1932இல் டென்மார்க்கின் கார்ல் டிரையர் 'வாம்பயர்' எடுத்தார். அதில் வருவது பிரபு அல்ல, ஒரு கிழவி. சவப்பெட்டிக்குள் படுத்திருப்பவனின் கண் வழியாக வானத்தையும் மரங்களையும் காட்டும் காட்சி ஒன்று அதில் உண்டு. வியாபாரத்தில் படம் தோற்றது. தோற்றதில் வியப்பில்லை, வருந்தத்தான் வேண்டும்.

பிறகு சறுக்கல். 1936இல் மகள் வந்தாள், 1943இல் மகன் வந்தான். டிராகுலா என்ற பெயரைத் தலைகீழாக எழுதி 'அலுகார்டு' என்று மாறுவேடம் போட்டால் யாருக்கும் தெரியாது என்று அந்த மகன் நம்பினான். 1948இல் காமெடி ஜோடி ஆபட்டும் காஸ்டெல்லோவும் பேய்களைச் சந்திக்கும் படத்தில் லுகோசி மறுபடி டிராகுலாவாக வந்தார். முழுநீளப் படங்களில் அவர் அந்தப் பாத்திரமாகவே நடித்தது அந்த இரண்டு முறைதான். நம்ப முடிகிறதா? மற்றவையெல்லாம் அதன் சாயல்கள். முதுகுவலிக்குப் போட்டுக்கொண்ட மருந்துக்கு அடிமையாகி, 1955இல் தாமே மருத்துவமனையில் சேர்ந்தார். 1956இல் இறந்தபோது டிராகுலா மேலங்கியோடு புதைத்தார்கள்.

மறு ஆண்டு, 1957 அக்டோபரில், யூனிவர்சலின் பழைய படங்கள் 52ஐ ஒரு கட்டாகக் கட்டி அமெரிக்கத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விற்றார்கள். அப்பாக்கள் கொட்டகையில் பார்த்த பேயைப் பிள்ளைகள் கூடத்தில் உட்கார்ந்து பார்த்தார்கள். அழைத்தால்தான் வருவான் என்றோமே, இப்போது அவனே ஒவ்வொரு வீட்டு வரவேற்பறைக்கும் வந்துவிட்டான். இந்தத் தொலைக்காட்சி விற்பனை இல்லாமல் போயிருந்தால் 1931 படம் ஆய்வாளர்களின் அலமாரியில் தூங்கியிருக்கும்.

சரியாக அந்த வேளையில் இங்கிலாந்தின் ஹாமர் கம்பெனி 1958இல் தன் டிராகுலாவை வண்ணத்தில் கொண்டுவந்தது. தேம்ஸ் நதிக்கரை பிரே ஸ்டூடியோவில், குறைந்த செலவில். இயக்கம் டெரன்ஸ் ஃபிஷர், வசனம் ஜிம்மி சாங்ஸ்டர். மறுபடியும் சிக்கனம்தான் கதையை எழுதியது. கப்பல் பயணத்துக்குக் காசில்லை. ஆகவே கோட்டையிலிருந்து ஊருக்கு வண்டியிலேயே போய்விடலாம். வௌவாலாக மாறுவதைக் காட்டக் காசில்லை. ஆகவே அது வெறும் மூடநம்பிக்கை என்று காட்டேரியை வேட்டையாடும் வான் ஹெல்சிங்கே சொல்லிவிடுகிறார். மிச்சமிருந்த இடத்தை வேகம் நிரப்பியது.

கிறிஸ்டோபர் லீ படத்தில் வருவது சில நிமிடங்கள்தான்; தொடக்கக் காட்சிக்குப் பிறகு ஒரு வார்த்தைகூடப் பேசுவதில்லை. முதலில் படியிறங்கி வந்து, படித்த கனவானாகக் கடகடவென்று பேசி, விருந்தாளியின் பெட்டியைத் தாமே தூக்கிக்கொண்டு போகிறார். அடுத்து அவரைப் பார்க்கும்போது கண் சிவந்து, கோரைப்பல் நீண்டு, உதட்டில் ரத்தம். சிவப்பு ரத்தம். கறுப்பு வெள்ளையில் இத்தனை காலம் ஒளித்து வைத்ததை ஹாமர் மேசைமேல் கொட்டியது. மெலிசா ஸ்டிரிப்ளிங் நடித்த குடும்பத்துப் பெண் ஒருத்தி இரவு முழுவதும் எங்கோ போய்விட்டு விடியலில் வீடு திரும்புகிறாள். அவள் முகத்தில் பயம் இல்லை. ஒரு நிறைவு இருக்கிறது. அந்தப் புன்னகைதான் படத்திலேயே துணிச்சலான காட்சி. பயப்பட வைக்கும் பேய்கள் எத்தனையோ உண்டு. அவனோடு போனவள் வருத்தப்படவில்லை என்று காட்டியது இந்தப் படம்.

கடைசியில் பீட்டர் குஷிங்கின் வான் ஹெல்சிங் நீள மேசைமேல் ஓடித் தாவி, திரைச்சீலையைப் பிய்த்து, இரண்டு மெழுகுவர்த்தித் தண்டுகளைச் சிலுவையாகப் பிடித்து டிராகுலாவை வெயிலுக்குள் தள்ளுகிறார். தாவலும் தண்டுகளும் குஷிங் சொன்ன யோசனை. பிரபு சாம்பலாகிறார். ஆக, உரிமம் வாங்கி எடுத்த படத்தின் உச்சகட்டம், நீதிமன்றம் கொளுத்தச் சொன்ன படத்திலிருந்து வந்தது. ஃபிளாரன்ஸ் 1937இலேயே இறந்துவிட்டதால் அதைப் பார்க்கவில்லை. தணிக்கைக்காக வெட்டிய அழுகல் காட்சிகள் சில ஜப்பானியப் பிரதி ஒன்றில் தப்பியிருந்து, 2011இல் டோக்கியோ ஆவணக் காப்பகத்தில் கிடைத்தன.

வழக்கோடு தொடங்கிய கதைக்கு இன்னொரு வழக்கும் உண்டு. லுகோசியின் முகத்தைப் பொம்மையிலும் அட்டையிலும் போட்டு யூனிவர்சல் உரிமம் விற்றது. அவருடைய மனைவியும் மகனும் நீதிமன்றம் போனார்கள். 1979இல் கலிபோர்னியா உச்ச நீதிமன்றம் அவர்களுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது: தன் முகத்தை விற்கும் உரிமை அந்த மனிதரோடு போய்விடும், வாரிசுக்கு இறங்காது. பின்னர் சட்டத்தைத் திருத்தினார்கள். 1985 முதல் இறந்த நடிகர்களின் வாரிசுகளுக்கு அந்த உரிமை உண்டு.

இந்தப் படங்களைப் பார்க்க விரும்புகிறவர்கள் 1922 ஓர்லாக்கிலிருந்து தொடங்குங்கள். அடுத்து 1931இன் முதல் இருபது நிமிடம், பிறகு 1958. ஸ்பானியப் பிரதியைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். டிராகுலா ஓடிய கையோடு யூனிவர்சல் லுகோசிக்கு இன்னொரு பேய் வேடத்தைக் கொடுக்கப் பார்த்தது. ஒத்திகைப் படம்கூட எடுத்தார்கள். வசனமே இல்லாத அந்த வேடம் வில்லியம் ஹென்றி பிராட் என்ற ஆங்கிலேயருக்குப் போனது. திரையில் அவர் பெயர் போரிஸ் கார்லோஃப். அவர் கதை அடுத்த இதழில்.